ஹெர்பர்ட்டின் வியாழக்கிழமை வேலை

தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுப்பதற்கு ஹெர்பர்ட் ஒரு வழிமுறை வைத்திருக்கிறார். இடது உள்ளங்கையால் தலையணையின் ஓரத்தை அமுக்கிப் பள்ளம் பண்ணுவார். வலது கையில் இரண்டு விரலை மட்டும் உள்ளே விடுவார். படுத்திருக்கும் அக்கா மரியாயியின் தலை அசையாது. வெளியே எடுத்ததும் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைப்பார். அக்காவின் வாயோரத்தில் எந்நேரமும் வடியும் எச்சில் பட்டு அது பிசுபிசுத்துக் கிடக்கும். சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானைப் பூட்டி, மேலே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார். வியாழக்கிழமை என்றால் இப்படித்தான்.

சில வியாழன் அக்கா விழித்துக்கொள்வார். அன்று தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள். அறுபத்தெட்டு வயதிலும் பிடி தளரவில்லை.

"கடைக்குக் கொண்டுபோயி அதுக்குச் சாப்பாடு போட்டுட்டு வந்துர்றேன்க்கா. இல்லாட்டி நாளைக்குச் செத்துப்போயிரும்" என்பார் ஹெர்பர்ட்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. சாவது போன் அல்ல, போனுக்குள் இருக்கும் செயலி. அதை ஹெர்பர்ட்டே செய்தார். அந்த ஐபோனைத் தயாரிக்கும் கொம்பனிக்கு வருடா வருடம் பணம் கட்டிப் பதிந்துகொண்டவர்களின் செயலிகள் மாதக்கணக்கில் ஓடும். கட்டாதவர்கள் தாங்கள் செய்ததைத் தங்கள் போனில் போட்டுச் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஏழு நாள் ஓடும். அதற்குப் பிறகு செயலியின் படம் திரையில் இருக்கும், தொட்டால் திறக்காது. மறுபடியும் வயரை மாட்டிக் கணினியிலிருந்து ஏற்றவேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் அட்டை ஹெர்பர்ட்டிடம் கிடையாது. அனுப்ப மிச்சமும் கிடையாது. "ஓசியில குடுத்தா ஒரு கிழமைதான் உசுரு" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, எட்டாம் நாள் வருவதற்குள் போனைச் சுமந்துகொண்டு கடைக்குப் போகிறார்.

கடை என்பது போட்டோ ஸ்டூடியோ. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஏலம் கறுவா கராம்பு விற்கும் முஸம்மிலின் கடைக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. கல்யாண அல்பம் போட்ட காலத்தில் வாங்கிய மக் கணினி ஒன்று உள்ளே இருக்கிறது. அல்பம் கேட்டு இப்போது யாரும் வருவதில்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறார்கள். சாவு வீட்டுக்காரர்கள் வருகிறார்கள். எங்கேயோ கூட்டத்தில் நின்று எடுத்த படத்தைக் கொண்டுவந்து, பக்கத்தில் நிற்பவரின் தோளை வெட்டிவிட்டு, இறந்தவருக்கு ஒரு கோட்டு மாட்டிப் பெரிதாக்கித் தரச் சொல்கிறார்கள். ஹெர்பர்ட் மாட்டுவார். மாத்தளையில் ஆயுசில் கோட்டுப் போடாத எத்தனையோ பேர் சுவரில் கோட்டோடு தொங்குவது அவர் கைவண்ணம்.

ஐம்பத்தொன்பது வயது. கமெரா வழியாகப் பார்த்துப் பழகியதில், எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. மனிதர்களை எடைபோட்டு நீ, நீங்கள் என்பார். கணினிக்கு மட்டும் எப்போதும் மரியாதை. செயலி போனுக்குள் ஏறும்போது திரையில் ஒரு கோடு மெல்ல நீளும். அதன் முன்னால் குனிந்து நின்று, "ஏறுங்க, ஏறுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்பார். புதிதாக ஏறியதும் போன் ஒரு கேள்வி கேட்கும்: இதைச் செய்தவரை நம்புகிறீர்களா? நம்புகிறேன் என்று ஹெர்பர்ட் தானே தொட்டுக்கொள்வார்.

முஸம்மில் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். முஸ்லிம்கள் இறந்தவருக்கு ஏழாம் நாள் கத்தம் ஓதுவதை வைத்து, 'ஆப்' என்பதை அப்பு ஆக்கி, ஒரு கிண்டல் அவருக்கு எப்போதும் தயார்.

"என்ன ஹெர்பர்ட் அண்ணே, இன்டைக்கி அப்புக்கு ஏழாம் கத்தமா? சோறாக்கச் சொல்லவா?"

"எங்க ஆளுகளும் ஏழாம் நாளுக்குப் பூசை குடுப்போம் மொதலாளி. ஆனா இவரு ஏழாம் நாளு எந்திரிச்சு ஒக்காந்துருவாரு. சோறு வேஸ்ட்டு."

அக்காவுக்கு நாக்கு இல்லை. எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்த காலமெல்லாம் வெற்றிலையும் புகையிலையும் ஒரு கன்னத்தில் இருந்தன. அந்தப் பக்கத்தில் புண் வந்தது. ஆறவில்லை. நாக்கையும் தாடை எலும்பில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். கதிர்வீச்சு வைத்தியத்தில் கழுத்து விறகாக இறுகிவிட்டது. ஆட்டவோ திருப்பவோ முடியாது. மூக்கு வழியாகப் போகும் குழாயில்தான் கஞ்சி, தண்ணீர், மருந்து எல்லாம். புருசன் இல்லை. ஒரே மகள் நிரோஜா கட்டாரில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிறாள். ஆகவே மந்தண்டாவளையில் உள்ள தம்பி வீட்டின் முன் அறைக்குக் கட்டில் வந்தது. தாய் இறந்தபின் ஹெர்பர்ட்டை வளர்த்தது அக்காதான். கொழுந்துச் சம்பளத்தில் ஸ்டூடியோ வேலை பழக அனுப்பியதும் அக்காதான். அதனால் யாரும் யோசிக்கவில்லை.

யோசித்திருக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். ஹெர்பர்ட்டின் மனைவி ஷிரானி. நாத்தனாருக்கும் இவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஆகாது. ஷிரானி கொடுத்த சேலையை மரியாயி உடுத்தியதில்லை. ஷிரானி வைத்த குழம்பை, "எனக்கு வேணாம், தம்பிக்கே ஊத்து" என்று தள்ளாமல் இருந்ததில்லை. அப்படிப்பட்ட நாத்தனாரைத்தான் ஷிரானி இப்போது இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறார், முதுகில் புண் வராமல் பார்க்கிறார், குழாயைக் கழுவுகிறார். முணுமுணுப்போடு செய்கிறார். ஆனால் சரியாகச் செய்கிறார். அதுதான் வேண்டியது.

ஆரம்பத்தில் அக்கா எவர்சில்வர் தம்ளரால் சுவரைத் தட்டுவார். ஷிரானி ஓடி வந்து ஒவ்வொன்றாகக் கேட்பார். தண்ணியா? வலியா? வெளிக்குப் போகணுமா? சரியான கேள்விக்கு வந்துசேர்வதற்குள் பாதி நாள் காரியம் கட்டிலிலேயே முடிந்திருக்கும். நிரோஜா தன் பழைய ஐபோனை ஊருக்கு வந்தவரிடம் கொடுத்தனுப்பியபோது, அம்மாவின் முகத்தையாவது பார்க்கலாம் என்றுதான் அனுப்பினாள். அதன் பின்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. ஹெர்பர்ட் அதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கடையில் மக் சும்மா கிடந்தது. யூடியூப்பில் யாரோ வட இந்தியப் பையன்கள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அவர்கள் எழுதியதை அப்படியே பார்த்து எழுதினார். எங்கே பிழை என்று கணினி சிவப்பில் காட்டும். "சரிங்க, சரிங்க, திருத்துறேன்" என்பார்.

முதலில் செய்தது உருப்படவில்லை. இணையத்தில் எடுத்த சின்னச் சின்னப் படங்களை வைத்திருந்தார். உறிஞ்சு குழாய் போட்ட கண்ணாடிக் குவளை ஒன்று தண்ணீருக்கு. அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தக் குவளையும் தெரியவில்லை. தொடாமல் போனைத் தொடைக்கு அடியில் செருகிவிட்டார். அதுதான் அவர் பிழை சொல்லும் விதம். "நம்ம டெஸ்டர் பெயில் போட்டுட்டாங்க" என்று ஹெர்பர்ட் கடைக்குத் திரும்பினார்.

அடுத்த தடவை தன் தொழிலைப் பயன்படுத்தினார். அக்காவின் நெளிந்த தம்ளரையே படமெடுத்தார். கட்டிலோரத்தில் இருக்கும் நடுவில் ஓட்டை போட்ட மலசலக் கதிரை, நீல மின்விசிறி, வலிமருந்துப் போத்தல், துவாய், சுவரில் இருக்கும் மாதா படம். எல்லாம் அந்த அறையில் இருப்பவை, அந்த அறையின் வெளிச்சத்தில். பன்னிரண்டு படங்கள், நான்கு வரிசை. அக்கா அடையாளம் கண்டுகொண்டார். விரல் நடுங்கி இரண்டு தரம் பட்டதால் "தண்ணி தண்ணி குடு குடு" என்று போன் திக்கியது. அடுத்த வியாழன் அதைத் திருத்தினார். நகம் பட்டால் திரைக்குப் புரியவில்லை. அதற்கு வழி தெரியாமல், ஷிரானியிடம் சொல்லி அக்காவின் நகத்தை ஒட்ட வெட்டவைத்தார்.

குரல்தான் சங்கடம். கணினியிலேயே இருந்த பெண் குரலை வைத்தபோது, யாரோ வெளியாள் வந்துவிட்டதாக அக்கா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். ஹெர்பர்ட் தன் குரலை வைக்கப் போனார். "பொம்பளைக்கு வெளிக்கு வருதுன்னு ஆம்பள கொரல்ல கத்தணுமா?" என்று ஷிரானி கேட்டார். வீட்டில் வேறு பெண் இல்லை.

ஷிரானி மாதா கோயிலில் பூசைக்கு வேத வாசகம் வாசிப்பவர். போனை வாய்க்கு நேராகப் பிடித்து, "எனக்குத் தாகமாக இருக்கிறது" என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். கட்டிலில் அக்காவின் தோள் குலுங்கியது. வலியோ என்று ஹெர்பர்ட் பயந்தார். சிரிப்பு.

"உங்கக்கா எப்பங்க தாகமாக இருக்கிறதுன்னாங்க? தண்ணி குடு, அவ்வளவுதான். எங்கிட்ட 'ங்க' கூடப் போட மாட்டாங்க" என்றார் ஷிரானி. அப்படியே பதிந்தார்கள். நாத்தனார் பேசுகிற மாதிரியே, வால் வெட்டி. அன்றிலிருந்து முன் அறையிலிருந்து ஷிரானியின் குரல் கூப்பிடும், அடுப்படியிலிருந்து ஷிரானி ஓடுவார். "என் கொரலே என்னய வேல வாங்குது. இந்தக் கொடும ஊர் ஒலகத்துல எவளுக்காவது உண்டா?" என்று கேட்டுக்கொண்டே ஓடுவார்.

பிறகு கழுத்தில் கட்டி வந்தது. கிளினிக்கில் டொக்டர் தடவிப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். கொழும்புக்கு அனுப்பி இன்னொரு முறை வெட்டலாம். நீண்ட வேலை. காயம் மூடுமா என்று சொல்லமுடியாது, மேசையிலிருந்து எழும்புவார் என்றும் சொல்லமுடியாது. வெட்டாவிட்டால் சில மாதம், வலிமருந்தோடு வீட்டில். "அம்மா என்ன சொல்றாங்க?" என்று அவரே கேட்டார்.

அக்கா மடியில் இருந்த போனைப் பார்த்தார். விரல் பன்னிரண்டு படங்களையும் சுற்றி வந்தது. தம்ளர், கதிரை, மின்விசிறி, மாதா. எதிலும் படவில்லை. பிறகு கையைத் தூக்கி அசைத்தார்.

"பயமில்ல, செய்யுங்கன்னு சொல்றாங்க சேர்" என்றார் ஹெர்பர்ட்.

மாசி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை குறித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நிரோஜாவை வீடியோவில் கூப்பிட்டபோதும் அக்கா அதே மாதிரி கையை அசைத்தார். "பாருங்க மாமா, அம்மா போய்ட்டு வாரேன்னு டாட்டா காட்டுறாங்க" என்று அவள் அழுதாள். நோயாளியின் கை எதைச் சொல்கிறது என்று கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் தங்களுக்கு வேண்டியபடி எடுத்துக்கொள்வார்கள். எந்த வீட்டிலும் இது நடக்கும். ஷிரானி மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சோறு போடும்போது கேட்டார். "ஏங்க, பன்னெண்டு படம் வச்சீங்களே. குடு, கொண்டா, தூக்கு, போடு, எல்லாமே கேக்குறதுதான். அவங்க வேணாம்னு சொல்றதுக்கு ஒண்ணு வச்சீங்களா?"

"வேணாம்னா தொடாம இருக்கட்டுமே."

"தொடாம இருந்ததத்தான் நீங்க சம்மதம்னு சொல்லிட்டு வந்தீங்க."

ஹெர்பர்ட் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "திரையில எடமில்ல" என்றார்.

"எடம் இருக்கு. மனசுதான் இல்ல."

"என்னாடி நீ, எங்கக்கா சாகட்டும்னு பாக்குறியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவங்க சொல்லட்டும்னு சொல்றேன். நான் நீட்டுனது எல்லாத்தையும் வேணாம் வேணாம்னு தள்ளுன மனுசி அது. அவங்க வேணாம் எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கைய அப்படித்தான் வைப்பாங்க."

அடுத்த நாள் கடையில் இருக்கும்போது ஹெர்பர்ட்டின் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. ஷிரானி அனுப்பியது. காதோடு வைத்துக் கேட்டார். ஒரே சொல். "வேணாம்." கோயில் வாசகம் இல்லை, அக்காவின் அதே வெட்டு, கடைசியில் உதட்டை மூடும் அதே சத்தம். கேட்டாயிற்று என்று ஷிரானிக்கு இரண்டு நீலக் கோடு போயிருக்கும். ஹெர்பர்ட் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அவருக்குப் புரியவில்லை என்பதல்ல. அந்தச் சொல்லைப் போனில் ஏற்றினால் அக்கா அதைத் தொடுவார். தொட்டால் கொழும்பு இல்லை. கொழும்பு இல்லாவிட்டால் சில மாதம். கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் இந்தக் கணக்கைப் போட்டு முடித்திருந்தார். அக்காவின் விரல் திரைக்கு மேலே அலைந்தது எதைத் தேடி என்றும் அப்போதே தெரியும்.

வியாழக்கிழமை வந்தது. தலையணைக்கு அடியில் கை போகவில்லை. "தேர் நேரம், கடையில வேல குவிஞ்சு கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். முத்துமாரியம்மன் கோயில் தேருக்கு இப்போது எல்லோரும் தங்கள் போனிலேயே படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாள் முழுவதும் ஹெர்பர்ட் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார்.

"அண்ணே, இன்டைக்கி வியாழன். ஒங்கட ஆள் எங்க?" என்று முஸம்மில் கேட்டார்.

"வீட்டுல."

"எழுப்பல்லயா?"

ஹெர்பர்ட் எழுந்து கமெராக் கண்ணாடியைத் துடைக்கப் போனார். முஸம்மில் தன் கடைக்குத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை செயலி செத்தது. அக்கா படத்தைத் தொட்டார், திறக்கவில்லை. இன்னொரு தரம் தொட்டார். தம்பியைப் பார்த்தார்.

"கொம்பனிக்காரன் மூடிட்டான்க்கா. கொஞ்சம் பொறுங்க" என்றார் ஹெர்பர்ட், ஜன்னலைப் பார்த்து.

அக்கா நம்பினாரா தெரியாது. அன்று மாலை, மறுநாள் காலை, எப்போது பார்த்தாலும் அந்த ஒரே இடத்தில் விரலை வைத்து எடுத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். தம்ளர் அலுமாரிக்கு மேல் போய் நாளாயிற்று. சுவரைக் கையால் தட்டினார், சத்தம் வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து ஹெர்பர்ட் சாப்பிட உட்கார்ந்தார். ஷிரானி முன் அறையிலிருந்து வந்தார். கையில் கட்டில் விரிப்பு, சுருட்டியபடி. நனைந்து சொட்டியது. நாத்தனாரைக் கழுவித் துடைத்து மாற்றுத் துணி உடுத்திவிட்டு வந்திருந்தார். கத்துவார் என்று ஹெர்பர்ட் தலையைக் குனிந்துகொண்டார். ஷிரானி விரிப்பைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"இத நீங்க அலசுங்க" என்றார். "கையெட்டுற தூரத்துல கதிர இருக்கு. கூப்புடத்தான் வழியில்ல. எதிர்ச் சொவத்தையே பாத்துக்கிட்டு எவ்வளவு நேரம் அடக்கிக்கிட்டு கெடந்தாங்களோ."

ஹெர்பர்ட் பைப்படிக்குப் போய் அலசினார். சவர்க்காரம் போட்டு, பிழிந்து, உதறி, மறுபடி முகர்ந்து பார்த்து, மறுபடி அலசினார். கொடியில் போட்டார். சோறு அப்படியே இருந்தது. முன் அறைக்குப் போனார். அக்கா கண் திறந்திருந்தார். இந்தத் தடவை தலையணையை அமுக்கவில்லை; கையை நீட்டினார். அக்கா போனைத் தானே எடுத்து அவர் கையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தில் முஸம்மில் கடை மட்டும் அரைக் கதவு திறந்திருந்தது. ஹெர்பர்ட் கணினியை உயிர்ப்பித்து, அக்காவின் படங்களைத் தேடினார். வேணாம் என்பதற்கு ஒரு படம் வேண்டும். நிரோஜா முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்கள் வந்தன. கிறிஸ்து பிறப்புக் கொண்டாடிய நத்தார்ப் படங்கள், யாரோ உறவுக்காரர் கல்யாணம், தன்னுடைய கல்யாணம். கல்யாணப் படத்தை ஸ்கேன் பண்ணி வைத்திருந்தார். ஓரத்தில் நிற்கும் அக்கா கமெராவுக்கு நேராகக் கையை நீட்டி மறைக்கிறார். புதுநன்மையிலும் கை. நத்தாரிலும் கை. படமெடுத்தால் ஆயுசு குறையும் என்றோ, உடுத்திருப்பது நல்ல சேலை இல்லை என்றோ, எப்போது யார் கமெராவைத் திருப்பினாலும் அந்த உள்ளங்கை முன்னால் வந்திருக்கிறது. கெட்டுப்போன படங்கள் என்று ஒதுக்கி ஒரே இடத்தில் போட்டு வைத்திருந்தார். ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடவில்லை.

நத்தார்க் கையைத் தேர்ந்தெடுத்தார். தேயிலைக் கறை படிந்த விரல்கள், நடுவில் அகன்ற உள்ளங்கை. மணிக்கட்டோடு வெட்டினார். பன்னிரண்டு படங்களையும் மேலே நெருக்கி, கீழே முழு அகலத்துக்கு ஒரு பட்டையாக அதை வைத்தார். ஷிரானி அனுப்பிய குரலை எடுத்து அதற்குள் போட்டார். வயரை மாட்டினார். கோடு நீண்டு முடிந்தது. ஏறுங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு தரம் தொட்டார். "வேணாம்" என்றது போன்.

பக்கத்துக் கடையிலிருந்து முஸம்மிலின் குரல் கேட்டது. "அண்ணியா வந்தீக்காங்க? கோவமா ஈக்காங்க போல?"

"இல்ல மொதலாளி. அக்கா" என்றார் ஹெர்பர்ட்.

வீடு திரும்பும்போது வலிமருந்தில் அக்கா தூங்கிப்போயிருந்தார். போன் இரவு முழுவதும் ஹெர்பர்ட்டின் சட்டைப் பையிலேயே கிடந்தது.

திங்கள் காலை முஸம்மிலின் வேன் வாசலில் நின்றது. கொழும்புக்கு அவர்தான் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார். துணிப் பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் காத்து நின்றார். ஷிரானி நாத்தனாருக்குத் தலை வாரி, குழாயைக் கன்னத்தில் ஒட்டிவிட்டார். கட்டாரிலிருந்து நிரோஜா வீடியோவில் வந்தாள். ஷிரானியின் போனில் அவள் முகம். "அம்மா, பயப்படாதீங்கம்மா, அங்க பெரிய டொக்டர்மார் இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஹெர்பர்ட் அக்காவைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, வீங்கிய கால்களில் செருப்பை மாட்டினார். வார் எட்டவில்லை. இழுத்துக் கடைசித் துளையில் பூட்டினார். இரண்டு காலுக்கும் நேரம் எடுத்தது. பிறகு எழுந்தார். சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினார்.

"புதுசா ஒண்ணு வச்சிருக்கேன்க்கா. டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றார்.

அக்கா போனை வாங்கி மடியில் வைத்தார். செயலி திறந்தது. பன்னிரண்டு படங்களையும் பார்த்தார். கீழே இருந்த கையைப் பார்த்தார். தன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு தொட்டார்.

"வேணாம்."

"யாரு? யாரு வேணாங்கிறது?" கட்டாரிலிருந்து நிரோஜா கத்தினாள். "அத்தே, நீங்களா? எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணாங்கிறதுக்கு நீங்க யாரு? எப்படா சாவாங்கன்னு இருக்கீங்களா? அம்மா, அவங்க பேச்சக் கேக்காதீங்க!"

ஷிரானி இதில் பாதிக்கே எதிர்வீடு கேட்கப் பதில் சொல்பவர். அன்று போய் நாத்தனாருக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். கையிலிருந்த போனைத் தூரப் பிடித்து, இறுக மூடிய தன் வாயும் மரியாயியின் விரலும் ஒரே படத்தில் விழும்படி திருப்பினார்.

மரியாயி விரலை வைத்தார். "வேணாம்" என்றது ஷிரானியின் குரல். ஷிரானியின் உதடு அசையவில்லை.

நிரோஜா பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா..." என்றாள்.

"வேணாம்."

வாசற்படியில் முஸம்மில் பையைக் கீழே வைத்தார்.

"அக்கா" என்றார் ஹெர்பர்ட். "கொழும்புக்கு வேணாமா? இங்கேயே இருக்குறீங்களா? கட்டி பெருசாகும்க்கா. வலி கூடும். தெரியுமா?"

அக்கா தம்பியைப் பார்த்தபடியே, திரையைப் பார்க்காமல், விரலை இறக்கினார்.

"வேணாம்."

ஹெர்பர்ட் தரையில் உட்கார்ந்தார். அக்காவின் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வீக்கத்தில் பதிந்து கிடந்த செருப்பு வாரை நோகாமல் தளர்த்தத் தொடங்கினார்.